‘உங்காளுவ ஒண்ணும் சொல்லமாட்டானுவளா?’ – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் நகல் எடுக்க வருகிறவர், பத்திரம் டைப் அடிக்க வருகிறவர், புராஜெக்ட் பிரிண்ட் எடுக்கிற காலேஜ் பிள்ளைகள் என்று எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். மெஷின் சூடாகிற நேரத்தில் பேச்சு ஆரம்பிக்கும். உலகத்தில் எங்காவது குண்டு வெடித்தால் மறுநாள் என் கடையில் ஒரு கேள்வியாவது வரும். சிலர் நேராகக் கேட்பார்கள், சிலர் கேட்காமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். முஸ்லிம்களான எங்கள் ஆட்களும் கேட்பார்கள், ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு. அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் ஆலிம் (மார்க்கம் படித்த அறிஞர்) இல்லை. இரண்டு தடவை பள்ளிவாசல் ஜமாஅத் நிர்வாகக் குழுவில் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். பதில்களுக்கு நான் மட்டுமே பொறுப்பு.

கேள்வி: களியக்காவிளையில் போலீஸ்காரரைச் சுட்டபோது இங்கே உள்ள முஸ்லிம்கள் என்ன செய்தார்கள்?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2020 ஜனவரி 8, புதன்கிழமை இரவு. கேரள எல்லையில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனை இரண்டு பேர் சுட்டுக் கொன்றார்கள். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த மனிதர். ஒரு வாரத்துக்குள் கர்நாடகத்தின் உடுப்பியில் இரண்டு இளைஞர்கள் பிடிபட்டார்கள். இரண்டு பேருமே இந்த மாவட்டத்துப் பையன்கள். வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது.

மறுநாள் காலை நான் வழக்கமாகப் போகும் டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்தாலே ‘சீனி கம்மிதானே பாய்’ என்பார். அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. கிளாசை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். டீயில் சீனி சரியாகத்தான் இருந்தது. பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாதவர், தலையைத் தூக்காமலே கேட்டார்: “உங்காளுவ ஒண்ணும் சொல்லமாட்டானுவளா?” ஒரு போலீஸ்காரர் செத்துக் கிடக்கிறார், இவருக்கு என் பதில் வேண்டியிருக்கிறது. கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே, என்ன சொல்வது என்று தெரியவில்லை என்பதும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் பயான் (உரை) பொறுமையைப் பற்றிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் இமாம் ஜிப்பா பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. கொலையைக் கண்டிக்கிறோம், இஸ்லாத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குடும்பத்துக்கு ஆறுதல். மூன்று நிமிடம் இருக்கும். காகிதத்தைத் திரும்ப மடித்துப் பையில் வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பொறுமையைத் தொடர்ந்தார்.

தொழுகை முடிந்து வெளியே நின்றபோது எல்லோரும் பேசியது வேறு. எந்தத் தெருவில் போலீஸ் வந்தது, யார் வீட்டுப் பையனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், நாகர்கோவிலில் இனி முஸ்லிம் பையன்களுக்கு வாடகைக்கு ரூம் கிடைக்குமா. நியாயமான பயம்தான், நானும் அதைத்தான் பேசினேன். ஆனால் அந்தப் பையன்கள் எந்தப் பள்ளிவாசலில் தொழுதார்கள், யாரோடு சுற்றினார்கள், நம்மில் யாருக்காவது ஏதாவது தெரிந்திருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி காகிதத்திலும் இல்லை.

கேள்வி: எவனோ செய்ததற்கு ஒவ்வொரு தடவையும் நாங்கள் ஏன் கண்டிக்கணும்?

கடைக்கு வந்த என் அக்கா மகன் கேட்டது. எஞ்சினியரிங் படிக்கிறவன்.

1982-ல் மண்டைக்காட்டில் இந்து – கிறிஸ்தவக் கலவரம் நடந்தது. துப்பாக்கிச்சூட்டில் மீனவர்கள் செத்தார்கள், வீடுகள் எரிந்தன, வேணுகோபால் ஆணையம் உட்கார்ந்தது. அதற்கப்புறம் நான் பார்த்த எந்த இந்துவிடமோ கிறிஸ்தவரிடமோ ‘நீங்க கண்டிச்சீங்களா’ என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னைப் பைத்தியம் என்றிருப்பார்கள். ஆகவே மீன் வாங்க வந்த மனிதரிடமோ, பர்தா போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளையிடமோ கண்டனம் கேட்பது அநியாயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் மருமகனிடம் இன்னொன்றும் சொன்னேன். பத்திர வேலை பார்க்கிறவன் என்பதால் எனக்கு வருகிற உதாரணம் இது: உன் பெயரைப் போட்டு எவனோ கடன் வாங்கியிருக்கிறான் என்று வைத்துக்கொள். ‘நான் கையெழுத்துப் போடவில்லை’ என்று சொல்ல நீ யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க மாட்டாய். பக்கத்து வீட்டுக்காரன் கேட்கிறான் என்பதற்காகச் சொல்ல மாட்டாய், உன் வீட்டுப் பத்திரம் பறிபோகும் என்பதற்காகச் சொல்வாய். கொன்றவன் ‘முஸ்லிம்களுக்காகச் செய்தேன்’ என்று சொல்லும்போது அவன் என் பெயரில் கையெழுத்துப் போடுகிறான். டீக்கடைப் பெஞ்சுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கில்லை. அந்தக் கையெழுத்தை மறுக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கிறது.

அவன் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. ‘அப்போ பெஞ்சுக்காரன் ஜெயிச்சிட்டானே மாமா’ என்றான்.

கேள்வி: உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) யாராவது உண்மையிலேயே பயங்கரவாதத்தை எதிர்த்திருக்கிறார்களா? செய்தியில் வரவே இல்லையே?

நிறையவே எதிர்த்திருக்கிறார்கள். தேவ்பந்த் தாருல் உலூம் 2008 பிப்ரவரியில் நாடு முழுவதுமுள்ள மதரஸாக்களைக் கூட்டி, பயங்கரவாதம் இஸ்லாத்துக்கு விரோதமானது என்று அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஃபத்வாவாகவே (மார்க்கத் தீர்ப்பாகவே) வாசித்தார்கள். 2004-ல் ஜோர்டானில் வெளியான அம்மான் அறிக்கையும், 2005-ல் அதைத் தொடர்ந்து நடந்த மாநாடும் எட்டு மத்ஹபுகளை (மார்க்கச் சட்டப் பிரிவுகளை) ஏற்று, ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமைக் காஃபிர் (மார்க்கத்தை மறுப்பவன்) என்று தள்ளக்கூடாது என்றன. 2014 செப்டம்பரில் 126 அறிஞர்கள் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் தலைவன் பக்தாதிக்குத் திறந்த மடல் எழுதி, அவன் செய்வதை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார்கள். 2016 ஜனவரியில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் கூடியவர்கள், முஸ்லிம் நாடுகளில் வாழும் சிறுபான்மையினரின் உரிமைகளைப் பற்றி நபி (ஸல்) அவர்களின் மதீனா சாசனத்தை முன்வைத்துப் பிரகடனம் செய்தார்கள்.

இதெல்லாம் செய்தியில் வரவில்லை என்பது பாதி உண்மை. வந்தது, உள் பக்கத்தில் வந்தது. குண்டு முதல் பக்கம், ஃபத்வா ஏழாம் பக்கம்.

கேள்வி: அப்படியானால் இத்தனை ஃபத்வாவுக்கும் பலன் எங்கே?

இதுதான் சரியான கேள்வி. 2014-ல் அந்த மடல் வந்தது. 2016-ல் பக்கத்துக் கேரளத்திலிருந்து, பெரும்பாலும் காசர்கோடு பகுதியிலிருந்து, 21 பேர் ஐ.எஸ். இருக்கும் இடம் தேடி ஆப்கானிஸ்தான் போனார்கள். கைக்குழந்தையோடு போன குடும்பம் உண்டு. படித்தவர்கள். அந்த மடல் அவர்கள் கண்ணில் பட்டிருக்கவே இருக்காது என்று சொல்ல முடியுமா?

என் எண்ணம் இது. ஃபத்வா அரபியில் இருக்கிறது, உர்தூவில் இருக்கிறது. அப்படி இழுக்கப்படுகிற பையனின் கையிலிருக்கும் போனில் ஒருவன் நல்ல தமிழிலோ மலையாளத்திலோ, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ராத்திரி இரண்டு மணிக்கும் பதில் சொல்கிறான். நம் பள்ளிவாசலில் இரவுத் தொழுகையான இஷா முடிந்தால் கதவைப் பூட்டிவிடுவோம். அப்புறம் இன்னொன்று. நம் கண்டனங்கள் பெரும்பாலும் வெளியே பார்த்துப் பேசுபவை. கலெக்டருக்கு, பத்திரிகைக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு. உள்ளே உட்கார்ந்திருக்கும் பத்தொன்பது வயசுப் பையனைப் பார்த்துப் பேசியவை குறைவு. ‘இஸ்லாத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று அவனிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பான். அவன் காட்டுகிற வசனங்களுக்கும் ஹதீஸ்களுக்கும் உட்கார்ந்து பதில் சொல்லணும். அதற்கு நேரம் வேண்டும், படிப்பு வேண்டும், அவன் கேட்பதைக் கேட்டு முகம் சுளிக்காத ஒரு ஆலிம் வேண்டும்.

கேள்வி: குர்ஆனிலேயே ‘வெட்டுங்கள்’ என்று இருக்கிறதாமே?

9:5 வசனத்தைக் காட்டுவார்கள். உடன்படிக்கையை முறித்த, போரில் இருந்த மக்கா இணைவைப்பாளர்களைப் பற்றியது அது. அடுத்த வசனமே, 9:6, அவர்களில் ஒருவன் அடைக்கலம் கேட்டால் கொடு, பத்திரமான இடத்தில் கொண்டுபோய்ச் சேர் என்கிறது. அதைப் படிக்காமல் விடுகிறவர்கள் இரண்டு பேர்: இஸ்லாத்தைத் திட்டுகிறவரும் ஐ.எஸ்.காரனும்.

நாங்களும் யோக்கியமில்லை. ‘ஒருவரைக் கொன்றவர் மனித குலத்தையே கொன்றவர்’ என்று மேடையில் 5:32-ஐச் சொல்லும்போது பாதியைத்தான் சொல்கிறோம். அது இஸ்ரவேலர்களுக்கு விதித்ததாக வருகிற வசனம், கொலைக்குப் பதிலாகவும் பூமியில் குழப்பம் செய்ததற்காகவும் விதிவிலக்கு அதிலேயே இருக்கிறது. அந்தப் பையன் முழு வசனத்தையும் போனில் பார்த்துவிட்டுத்தான் வருகிறான். பாதி சொன்னவரை அவன் எப்படி நம்புவான்?

கேள்வி: தவ்ஹீத்காரர்கள் (ஏக இறைவனை மட்டுமே வணங்கணும் என்று சீர்திருத்தம் பேசுகிறவர்கள்) வந்தபிறகுதானே இந்தப் பிரச்சினை எல்லாம்?

இதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள்தான் அதிகம் கேட்பார்கள். எங்கள் ஊர் பீர் முகமது அப்பாவின் ஊர். நெசவு நெய்த ஞானி. ஒவ்வொரு ஆண்டும் ரஜப் மாதத்தில் ஒரு இரவு முழுக்க அவருடைய ஞானப்புகழ்ச்சியைக் கூட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள். இறைவனைத் தமிழில் அவ்வளவு நெருக்கத்தில் கூப்பிட முடியும் என்று எனக்குத் தெரிந்தது அந்த இரவுகளில்தான். சின்ன வயசில் வாப்பா மடியில் தூங்கிவிடுவேன். விடியற்காலையில் நேர்ச்சை கொடுக்கும்போது எழுப்புவார்.

எண்பதுகளுக்கு அப்புறம் தவ்ஹீத் பிரச்சாரம் மாவட்டத்துக்குள் வந்தது. தர்கா வழிபாடு ஷிர்க் (இணைவைத்தல்), மவ்லூது (புகழ்ப்பாட்டு) ஓதுவது பித்அத் (மார்க்கத்தில் புதுசாகச் சேர்த்தது), தாயத்து கட்டுவது ஷிர்க். அதில் நல்லதும் உண்டு, மறைக்க மாட்டேன். வரதட்சணைக்கு எதிராக அவர்கள் பேசிய மாதிரி பழைய ஜமாஅத்துகள் பேசவில்லை. குர்ஆனைத் தமிழில் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தார்கள். ஐ.எஸ்.ஸுக்கு எதிராகவும் பிரச்சாரம் செய்தார்கள். தர்காவுக்குப் போகாதவனெல்லாம் துப்பாக்கி தூக்குவான் என்பது அபாண்டம். தாடியும் கணுக்காலுக்கு மேலே பேண்டும் குற்றத்துக்குச் சாட்சி இல்லை.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. என் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் வாப்பாவும் மகனும் எட்டு வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. வாப்பா ஞானப்புகழ்ச்சிக்குப் போகிறவர். மகன் துபாயிலிருந்து திரும்பியவன், ‘வாப்பா முஷ்ரிக் (இணைவைப்பவர்), அவர் பின்னால் நின்று தொழ மாட்டேன்’ என்றான். பெற்ற தகப்பனை. ஒருநாள் நேர்ச்சைச் சோறு வந்த பாத்திரத்தை அவன் வாசலில் வைத்துவிட்டான். பூனை தின்றது. உம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் யாரையும் அடித்தவன் இல்லை, எந்த வழக்கிலும் இல்லை, ஒழுங்காகக் கடை நடத்துகிறான். இருந்தாலும், ‘இவர் என் மார்க்கத்தில் இல்லை’ என்று ஒரு மனிதரை அழித்துப் போடுகிற அந்தப் பழக்கம் லேசுப்பட்டதில்லை. இஸ்லாத்தின் ஆரம்ப காலத்தில் பிரிந்துபோன கவாரிஜ் கூட்டத்தார் அதைத்தான் செய்தார்கள். நான்காம் கலீஃபா அலி (ரலி) அவர்களைக் கி.பி. 661-ல் கூஃபாவில் வெட்டியவன் தொழுகையாளிதான். அலியை விடத் தானே நல்ல முஸ்லிம் என்று நினைத்தவன்.

கேள்வி: பழைய ஜமாஅத்துகள் மட்டும் சகிப்போடு இருந்தனவா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கள் ஊர்க்காரர், பதில் தெரிந்துகொண்டே கேட்டார்.

தக்கலையைச் சேர்ந்த கவிஞர் ஹெச்.ஜி. ரசூல். பீர் முகமது அப்பாவை ஆழமாகப் படித்தவர், சூஃபி மரபை மதித்தவர். 2007-ல் மதுக்குடியைப் பற்றி அவர் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரைக்காக ஊர் ஜமாஅத் அவரை விலக்கி வைத்தது. தமிழ்நாடு முழுக்க எழுத்தாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2017-ல் அவர் இறந்துபோனார்.

அந்தக் கட்டுரை எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல வரவில்லை. எனக்கே உடன்பாடில்லாத இடங்கள் அதில் இருந்தன. ஆனால் ஊர்விலக்கு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ரசீதுப் புத்தகத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், சந்தா வாங்க மாட்டார்கள். பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் நிக்காஹ் எழுத தஃப்தர் (ஜமாஅத்தின் பதிவேடு) வராது. மவுத்தானால் (இறந்தால்) உடலைத் தூக்கும் சந்தூக் கேட்டுப் போக முடியாது, அடக்கம் செய்யும் மையவாடியில் குழி வெட்டச் சொல்ல ஆளில்லை. தெருவில் எதிரே வருகிறவன் சலாம் சொல்லலாமா என்று யோசிப்பான். கத்தி இல்லாத தண்டனை. அதைக் கொடுத்தவர்கள் யாரும் தீவிரவாதிகள் இல்லை, நோன்புக்குக் கஞ்சி ஊற்றுகிற மனிதர்கள், எனக்கு மாமா முறை, காக்கா (அண்ணன்) முறை ஆகிறவர்கள். ஊர் விலக்கு நடந்த காலத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை. என் கடை ஜமாஅத் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தது. அதுதான் காரணம், வேறு பெரிய காரணம் இல்லை.

சட்டம் இதில் தெளிவாகக் கை கொடுக்கவும் இல்லை. 1949-ல் பம்பாய் மாகாணம் ஒருவரைச் சமூகத்தை விட்டு விலக்கி வைப்பதைத் தடுத்துச் சட்டம் போட்டது. தாவூதி போஹ்ராக்களின் வழக்கில் 1962-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023-ல் அந்தத் தீர்ப்பை மறுபடி பார்க்க ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஊர்விலக்கோடு நின்றுபோகாத இடங்களும் உண்டு. கோயம்புத்தூரில் 2017 மார்ச்சில் ஃபாரூக் என்ற திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர் கடவுள் மறுப்புப் பதிவுகளுக்காக வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய வாப்பா ஹமீது அதன்பிறகு மகனுடைய இயக்கத்திலேயே சேர்ந்தார். 2010 ஜூலையில் கேரளத்தில் மூவாற்றுப்புழையில் பேராசிரியர் ஜோசப்பின் கையை வெட்டினார்கள், நபியை இழிவுபடுத்தியதாகச் சொல்லப்பட்ட ஒரு கேள்வித்தாளுக்காக. அவருக்கு ரத்தம் கொடுக்க ஓடியவர்களில் முஸ்லிம் இளைஞர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லணும். கையை வெட்டிய வழக்கில் 2015-லும் 2023-லும் பாப்புலர் ஃப்ரண்ட் ஆட்கள் தண்டனை பெற்றார்கள். அந்த அமைப்பை 2022 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது.

ஃபாரூக் கொலையைக் கண்டித்து நம் பக்கமிருந்து வந்த அறிக்கைகளில் ஒரு ‘ஆனால்’ ஒளிந்திருந்ததை நான் கவனித்தேன். கொன்றது தவறு, ஆனால் அவரும் அப்படி எழுதியிருக்கக் கூடாது. வில்சனுக்கு நாம் ‘ஆனால்’ போடவில்லை. நம்மில் ஒருவன் நம்மை விட்டுப் போனால்தான் அந்தச் சொல் வருகிறது.

கேள்வி: சந்தேகப்படும்படி ஒருவன் இருந்தால் போலீசில் சொல்வது சமுதாயத் துரோகமா?

இலங்கையைப் பாருங்கள். காத்தான்குடியில் ஸஹ்ரான், பிற்பாடு ஈஸ்டர் குண்டுவெடிப்பை முன்னின்று நடத்தியவன், வெறுப்புப் பேச்சுப் பேசத் தொடங்கியபோது முதலில் அடிபட்டவர்கள் அங்குள்ள சூஃபி முஸ்லிம்கள். 2017 மார்ச்சில் மோதலே நடந்தது. முஸ்லிம்கள் அவனைப் பற்றிப் புகார் கொடுத்தார்கள், எச்சரித்தார்கள். தமிழ் பேசுகிற முஸ்லிம் ஊர், நம் கடலுக்கு அந்தப் பக்கம். துரோகம் என்று யாராவது அவர்களைச் சொல்லியிருக்கலாம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உளவுத் தகவல் கையில் இருந்தும் தடுக்காததற்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

அந்த ஈஸ்டர் அன்று மதியம் பக்கத்து வீட்டு டீச்சரம்மா எப்போதும் போல எங்களுக்கு இறைச்சிக்கறியும் அப்பமும் கொடுத்தனுப்பினார்கள். ஹலால் கடையில் வாங்கியது என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லியனுப்புவார்கள். டிவியில் நீர்கொழும்பு தேவாலயத்தின் கூரை ஓடிக்கொண்டிருந்தது. தூக்குச்சட்டியைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரி எதையோ போட்டாள். என்ன போட்டாள் என்று ஞாபகமில்லை. இரண்டு வீட்டிலும் யாரும் ஒன்றும் பேசவில்லை.

அதனால் என் பதில்: துரோகம் இல்லை. 4:135 வசனம் உங்களுக்கோ பெற்றோருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்கிறது. ஆனால் பிடிக்காதவனை மாட்டிவிடப் போலீசைப் பயன்படுத்துகிறவர்களும் நம்மில் உண்டு. ஜமாஅத் தேர்தல் பகையில் ‘அவன் ஐ.எஸ்.’ என்று மொட்டைக் கடுதாசி போட்ட கதை எனக்கே தெரியும். அது துரோகம்தான்.

கேள்வி: பயங்கரவாதி செத்தால் மையவாடியில் இடம் கொடுக்காமல் விடுவது சரியா?

2008 மும்பைத் தாக்குதலில் செத்த ஒன்பது பேரை அடக்க மும்பை ஜும்ஆ மஸ்ஜித் அறக்கட்டளை மறுத்தது. 2019-ல் இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் தற்கொலைக் குண்டுதாரிகளை ஏற்கமாட்டோம் என்றது. கெக்கிராவை அருகே ஊர் மக்கள் அந்தக் கும்பலோடு தொடர்புடைய பள்ளிவாசலைத் தாங்களே இடித்தார்கள்.

உலகம் பாராட்டியது. எனக்கு இதில் அரைமனசுதான். மும்பைக்காரர்களின் நிலை புரிகிறது. ஆனால் ஊர்விலக்கை எதிர்த்து மேலே இவ்வளவு எழுதிவிட்டு, மையவாடி மறுப்பைக் கைதட்டி ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது 2022-ல் கோயம்புத்தூரில் நடந்தது. கோட்டை சங்கமேஸ்வரர் கோயில் முன்னால் அக்டோபர் 23 அன்று கார் வெடித்தது. சில நாள் கழித்து அப்பகுதி ஜமாஅத் நிர்வாகிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் போனார்கள். 1997 கலவரத்தையும் 1998 குண்டுவெடிப்பையும், அதில் செத்த 58 பேரையும் மறக்காத ஊர் அது. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வாசலைத் தாண்டுவது எளிதில்லை.

கேள்வி: முஸ்லிம்கள் மீது நடக்கும் வெறுப்பைப் பற்றி ஏன் பேசவில்லை?

பேசினால் தனிப் பக்கம் வேண்டும். 2015-ல் தாத்ரியில் அக்லாக்கை அடித்துக் கொன்றார்கள், வீட்டில் மாட்டிறைச்சி இருந்ததாக வந்த வதந்தியை நம்பி. பாபர் மசூதியை இடித்த 1992-ஐச் சொல்லவே வேண்டாம். ‘அவர்கள் செய்யவில்லையா’ என்பது என் மருமகனின் வாதம். செய்தார்கள். அது நம் வீட்டுக் கணக்கை நேர் செய்யாது.

வங்காளத்தில் அசன்சோல் இமாம் ஒருவர் இருக்கிறார், இம்தாதுல் ரஷீதி. 2018 மார்ச் கலவரத்தில் அவருடைய 16 வயசு மகனைக் கொன்றுவிட்டார்கள். ஜனாஸாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடிய கூட்டம் பழிவாங்கத் தயாராக நின்றது. ‘யாராவது கை ஓங்கினால் நான் இந்தப் பள்ளிவாசலையும் ஊரையும் விட்டுப் போய்விடுவேன்’ என்றார். கலைந்து போனார்கள். மகனைக் குழியில் வைத்த கையோடு அதைச் சொல்ல எப்படி நாக்கு எழுந்ததோ, எனக்குத் தெரியாது.

கேள்வி: இந்த மாவட்டத்தில் நாம் எத்தனை பேர்? எதற்கு இவ்வளவு கவலை?

2011 கணக்குப்படி மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். இந்துக்கள் 48 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், கிறிஸ்தவர்கள் 46-க்கு மேல், நாம் 4 சதவீதம் சொச்சம். தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், தேங்காப்பட்டணம், கோட்டாறு, இடலாக்குடி, திட்டுவிளை என்று திட்டுத்திட்டாக இருக்கிறோம். மண்டைக்காடு சமயத்தில் நமக்குச் சம்பந்தமில்லை என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு. குன்றக்குடி அடிகளார் எங்கோ சிவகங்கைச் சீமையிலிருந்து கிளம்பி வந்து கடலோரக் கிறிஸ்தவர்களிடம் பேசினார். நம்மவர் யார் போனார்கள் என்று கேட்டால் என் வாப்பா பேச்சை மாற்றுவார்.

ஆனால் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலரை நினைத்துக்கொள்வேன். 1874-ல் பிறந்தவர், சதாவதானி (ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்கிறவர்). வள்ளலார் பாடியது அருட்பாவா மருட்பாவா என்று சைவர்கள் வழக்கும் வாதமுமாக அடித்துக்கொண்டபோது, அருட்பாதான் என்று சென்னை மேடைகளில் நின்று வாதாடினார் இந்தத் தமிழ் முஸ்லிம். ‘உனக்கு இதில் என்னவே வேலை’ என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்பார்கள். இரண்டு பக்கமும் கேட்பார்கள்.

கேள்வி: என் மகன் ரெண்டு மாசமாக மாறிவிட்டான். என்ன செய்ய?

ஒரு உம்மா கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து கேட்டது. ஐந்து வேளை தொழ ஆரம்பித்திருக்கிறான், அவ்வளவுதான் என்றால் சந்தோஷப்படுங்கள் என்றேன். வீட்டில் உள்ளவர்கள் தொழுகையே செல்லாது என்கிறானா? சொந்த மாமாவுக்குச் சலாம் சொல்ல மறுக்கிறானா? யாரும் பார்த்திராத ஒரு ‘உஸ்தாத்’ போனில் மட்டும் இருக்கிறாரா? பழைய கூட்டாளிகளை ஒருவர் விடாமல் வெட்டிவிட்டானா? அப்படியானால் கவனியுங்கள்.

போனைப் பிடுங்கி உடைக்க வேண்டாம், இன்னொன்று வாங்கிக்கொள்வான். அவனோடு வாதம் செய்து ஜெயிக்கவும் வேண்டாம். அவன் மதிக்கிற ஒருவர் மூலமாக, பொறுமையுள்ள ஒரு ஆலிமிடம் உட்கார வையுங்கள். யாருக்காவது கேடு செய்யப்போகிறான், அல்லது எவனோ அவனை இழுக்கிறான் என்று தெரிந்தால் காலம் கடத்தாமல் வக்கீல் ஒருவரையும் ஜமாஅத் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போய் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பயங்கரவாத வழக்குகளுக்கான யு.ஏ.பி.ஏ. சட்டத்தில் ஜாமீன் குதிரைக்கொம்பு என்பதால்தான் பெற்றோர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காரியம் நடந்தபிறகு போவதைவிட முன்னால் போவது பிள்ளைக்கும் நல்லது.

அந்த உம்மா கேட்டுவிட்டு, நகல் எடுக்கக் கொண்டுவந்த ரேஷன் கார்டை எடுக்காமலே போய்விட்டார்கள். மறுநாள் அந்தப் பையனே வந்து வாங்கிப் போனான். ‘எவ்வளவு காக்கா’ என்றான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான்.

கேள்வி: பெண்கள் இதில் எங்கே?

வீட்டில் முதலில் கவனிப்பது அவர்கள்தான். ஜமாஅத் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஜமாஅத் தொடங்கி இருபது வருஷம் தாண்டிவிட்டது. இங்கே அந்தப் பேச்சை எடுத்தால் இன்னும் சிரிக்கிறார்கள்.

கேள்வி: கடைசியாக, நீங்க எந்த இயக்கம்?

எல்லோரும் கேட்டு முடித்தபிறகு கேட்பது இது. எந்த இயக்கமும் இல்லை. மாசச் சந்தா கட்டுகிறேன், ரசீது மேசை டிராயரில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு அடுத்த மாசமும் வாங்குவார்களா என்று பார்க்கணும்.